விட்டு விட்டு அறுந்த இணைப்பும் ஸ்மோக்பிங்கும்

“அக்கா, மறுபடியும் 61 சதவீதத்துல நின்னுருச்சு.”

இரண்டு மாதமாக மாலை 7 மணி ஆனால் தம்பியிடமிருந்து இப்படி ஒரு செய்தி வந்துவிடும். அவனுக்கு வீடியோ எடிட்டிங் வேலை. அன்றைய வேலை முடிந்ததும் கோப்புகளை என் வீட்டில் ஓடும் சர்வரில் ஏற்றி வைப்பான். ஒரு பிரதி அவனிடம், ஒரு பிரதி என்னிடம். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயக்குதளத்தைப் போட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்து, நானே அமைத்த சர்வர் அது. எங்கள் குடும்பத்துப் படங்கள், அப்பா பல வருடமாகப் பதிவுசெய்து வைத்த ஒலிநாடாக்களின் டிஜிட்டல் பிரதிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அது அறுந்து அறுந்து ஓடினால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த இரண்டு மாதத் தொல்லைக்கு விடை காண உதவியது ஸ்மோக்பிங், இணைப்பின் தாமதத்தையும் இழப்பையும் ஓயாமல் அளந்து படமாக வரையும் இலவச மென்பொருள். அதை எப்படிப் பயன்படுத்தினேன், எங்கே அது கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று விரிவாக எழுதுகிறேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வாரமாவது மிச்சமாகட்டும்.

இணைப்பு ஒரேயடியாகப் போய்விட்டால் பிரச்சினையே இல்லை. போனது போனபடி இருக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். விட்டு விட்டு அறுவதுதான் ஆளைக் கொல்லும். நான் போய் உட்கார்ந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். எழுந்து வந்த 10 நிமிடத்தில் தம்பியின் செய்தி வரும். விடியற்காலை 5 மணிக்கு ஓடும் பேக்கப்பும் வாரத்தில் 4 நாள் பாதியில் நின்றிருக்கும். காலையில் லாகை, அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டை, திறந்தால், நேரம் கடந்துவிட்டது என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும்.

முதல் மூன்று வாரம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். கேபிளை மாற்றினேன். ஸ்விட்சில் வேறு போர்ட்டில் செருகினேன். நெட்வொர்க் கார்டின் மின்சிக்கன வசதியை அணைத்தேன். போக்குவரத்து குறையும்போது கார்டு அரைத்தூக்கத்துக்குப் போகிற ஏற்பாடு அது, சில கார்டுகளில் அதுவே இணைப்பை அறுக்கும் என்பதால். எதைச் செய்தாலும் ஒரு நாள் நன்றாக ஓடும். “ஆச்சு, சரியாயிடுச்சு” என்று தம்பியிடம் சொல்வேன். மறுநாள் மாலை பழைய கதைதான்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். எம்டிஆர் என்ற கருவியை ஓட்டினேன். நம் கணினியிலிருந்து இலக்கு வரைக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு ரௌட்டரையும் வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, தொலைகிறது என்று சொல்லும். நான்காவது வரியில் 60 சதவீத இழப்பு என்று வந்தது. உடனே இணைய சேவை தருபவர்களை அழைத்துவிட்டேன். ஒருவர் வந்து ஃபைபரில் ஒளியின் அளவைக் கருவி வைத்துப் பார்த்தார். மைனஸ் 19 டிபிஎம், நல்ல அளவு. “லைன்ல ஒண்ணும் இல்லைங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கையில்லை, இன்னும் இரண்டு முறை அழைத்தேன். அவர் சொன்னதுதான் உண்மை. நடுவில் இருக்கும் ரௌட்டர்களின் வேலை பாக்கெட்டைக் கடத்திவிடுவது. தன்னையே விசாரிக்கும் பாக்கெட்டுக்குப் பதில் சொல்வதை அவை கடைசி வேலையாக வைத்திருக்கும், பல சமயம் அளவோடுதான் பதில் தரும். நடுவரியில் இழப்பு தெரிந்து, கடைசி வரியில் இழப்பே இல்லையென்றால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். நடுவில் தொடங்கிய இழப்பு கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தால்தான் அது உண்மையான இழப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவரை மூன்று முறை அலையவிட்டது எனக்கு இன்றும் வருத்தம்.

எம்டிஆர் நல்ல கருவிதான். ஆனால் நாம் எதிரில் உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்கானது. எனக்கு வேண்டியிருந்தது, நான் இல்லாதபோதும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண். அப்படித் தேடித்தான் ஸ்மோக்பிங்குக்கு வந்தேன்.

ஸ்மோக்பிங்கை எழுதியவர் டோபியாஸ் ஓட்டிக்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களுக்கு அவருடைய எம்ஆர்டிஜி, ஆர்ஆர்டிடூல் என்ற அளவீட்டுக் கருவிகளும் பழக்கமானவை. ஸ்மோக்பிங்கும் 20 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. தோற்றத்திலேயே அந்த வயது தெரியும். முதல்முறை திறந்தபோது, இதையா இவ்வளவு பேர் புகழ்கிறார்கள் என்றுதான் தோன்றியது. சாம்பல் பெட்டிக்குள் சின்னச் சின்ன வரைபடங்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வரைபடத்தைப் படிக்கப் பழகிவிட்டால், சாதாரண பிங் ஒருநாளும் சொல்லாததை அது சொல்கிறது. பிங் 1983இல் மைக் மூஸ் எழுதியது. ஒரு பாக்கெட்டை அனுப்பி, அது திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று சொல்லும். ஸ்மோக்பிங் ஒரு சுற்றுக்கு 20 பிங் அனுப்புகிறது. அந்த 20 விடைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் மதிப்பை ஒரு கோடாக வரைகிறது. மற்ற விடைகள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சாம்பல் நிழலாகப் பூசுகிறது. அந்த நிழல்தான் புகை, பெயரும் அதிலிருந்துதான். கோட்டின் நிறமோ எத்தனை பாக்கெட் தொலைந்தது என்பதைச் சொல்லும். ஒன்றும் தொலையவில்லையென்றால் பச்சை. 20இல் ஒன்று போனால் வெளிர்நீலம், இரண்டு போனால் நீலம், அப்புறம் ஊதா, பாதி போனால் மெஜந்தா, கிட்டத்தட்ட எல்லாமே போனால் சிவப்பு.

அதாவது தாமதம் வேறு, இழப்பு வேறு என்று பிரித்துக் காட்டுகிறது. புகை பொங்கினால் வழியில் நெரிசல். நிறம் மாறினால் பாக்கெட் எங்கோ விழுகிறது. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு, தனித்தனியாக வருவதும் உண்டு. என் சிக்கல் அவிழ்ந்தது இந்த ஒரு வேறுபாட்டில்தான்.

நிறுவுவது டெபியனில் ஒரே கட்டளை. கூடவே அப்பாச்சி வெப் சர்வரையும் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளையும் இழுத்துக்கொண்டு வரும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அமைப்புகளெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். இலக்குகளை எழுதும் கோப்பில் ஒரு கூட்டல் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் அதற்குள் இருக்கும் உறுப்பு. இந்த முறை பிடிபட எனக்கு அரை மணி நேரம் ஆனது, அதற்குப் பிறகு சிரமம் இல்லை. உறுப்பின் பெயரில் இடைவெளி விடக்கூடாது. விட்டால் நிரல் எழுந்திருக்காது, எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இலக்குகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. சும்மா கூகுளின் 8.8.8.8 என்ற பொது முகவரி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால், இணைப்பு அறுந்தது என்று தெரியும், எங்கே அறுந்தது என்று தெரியாது. நான் உள்ளிருந்து வெளியே போகும் வழியில் படிப்படியாகப் போட்டேன்: முதலில் சர்வர் தன்னைத்தானே, அடுத்து வீட்டு ரௌட்டர், அதற்கடுத்து சேவை தருபவரின் முதல் ரௌட்டர், கடைசியாக 1.1.1.1, 8.8.8.8 என்ற இரண்டு பொது முகவரிகள். பொது முகவரி இரண்டு வைத்ததற்குக் காரணம், ஒன்று தன் பக்கத்தில் தடுமாறினாலும் மற்றது உண்மையைச் சொல்லிவிடும். எந்தப் படியில் நிறம் முதலில் மாறுகிறதோ, கோளாறு அந்தப் படிக்கு முன்னால்.

முதல் வாரம் ஏமாற்றம். தம்பி “நின்னுருச்சு” என்று சொன்ன நேரத்தில் பாதி நாள் வரைபடம் பச்சையாகவே இருந்தது. காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் இந்த மென்பொருளின் பெரிய பலவீனம் புரிந்தது. நிறுவியபடியே விட்டால் 300 செகண்டுக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றில் 20 பிங், செகண்டுக்கு ஒன்று. ஆக 5 நிமிடத்தில் 20 செகண்டுதான் கண் திறந்திருக்கிறது. மீதி 280 செகண்ட் மூடியிருக்கிறது. பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பல மாதம் கவனிக்க அது போதும். 40 செகண்ட் அறுந்து தானாகச் சேரும் வீட்டு இணைப்பைப் பிடிக்கப் போதாது.

அதனால் சுற்றை 60 செகண்டாகக் குறைத்தேன். பிங் 20ஆகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு பிங்குக்கு இடையில் 2.5 செகண்ட் என்று வைத்தேன். இப்போது 60 செகண்டில் 50 செகண்ட் கண் திறந்திருக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. சுற்றின் அளவு தரவுக் கோப்பு உருவாகும்போதே அதில் பதிந்துவிடுகிறது. அமைப்பை மட்டும் மாற்றினால் போதாது, பழைய தரவுக் கோப்புகளை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். என்னுடைய முதல் வாரத் தரவு அப்படித்தான் போனது. ஆகவே நிறுவிய அன்றே, தரவு சேருவதற்கு முன்பே இதை மாற்றிவிடுங்கள். சுற்றைக் குறைத்தால் நுணுக்கமான தரவு இருக்கும் காலமும் சுருங்கும், அது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரியவில்லை. தரவுக் கோப்பு எத்தனை மாதம் ஓடினாலும் ஒரே அளவில் இருக்கும் என்பது இதன் நல்ல குணம். பழையதைச் சுருக்கிச் சுருக்கி அதே இடத்தில் சுழற்றி எழுதுகிறது.

இரண்டாவது வாரம் படம் மாறியது.

ஸ்மோக்பிங் ஒவ்வொரு இலக்குக்கும் 3 மணி நேரம், 30 மணி நேரம், 10 நாள் என்று பல அளவுகளில் வரைபடம் தரும். அந்த 30 மணி நேரப் படம் யார் யோசித்து வைத்ததோ, அவருக்கு நன்றி. 24 மணி நேரம் என்று வைத்திருந்தால் ஒரு நாள்தான் தெரியும். 30 மணி நேரம் என்பதால் நேற்று மாலையும் இன்று மாலையும் ஒரே படத்தில் வந்து நிற்கின்றன. நேற்று 6:30க்கு ஒரு ஊதாப் பட்டை. இன்று 6:30க்கும் ஊதாப் பட்டை. நடுவில் விடியற்காலை 5க்கு ஒன்று. 10 நாள் படத்தைத் திறந்தால் சீப்பின் பற்களைப் போல ஒரே இடைவெளியில் அடுக்காக நின்றன. கோளாறுக்குக் கடிகாரம் தெரிகிறது! எந்தக் கேபிளுக்கும் கடிகாரம் தெரியாது. இதற்குப் பின்னால் ஏதோ ஒரு பழக்கம் இருக்கிறது என்று அன்றைக்கே மனதில் பட்டது.

அடுத்து, படிகளைப் பார்த்தேன். வெளியே இருக்கும் முகவரிகளில் மட்டுமல்ல, வீட்டு ரௌட்டரின் கோட்டிலேயே ஊதா. ஆக லைன்காரர் சொன்னது சரி, கோளாறு வீட்டுக்குள்தான். இந்த ஒரு தகவலுக்காகவே ஸ்மோக்பிங்கை நிறுவலாம்.

இப்போது அந்த ஊதாக் கோட்டை நெருங்கிப் பார்த்தேன். ரௌட்டருக்கு வழக்கமாக 0.4 மில்லி செகண்ட். ஊதா நேரத்திலும் அதே 0.4. புகை துளியும் இல்லை. மெல்லிய கோடு, கத்தியால் கீறியது போல, நிறம் மட்டும் மாறியிருக்கிறது. 20இல் 8 போயிருக்கிறது, அடுத்த நிமிடம் 13, அதற்கடுத்து 5. திரும்பி வந்த பாக்கெட்டுகள் மட்டும் எந்தத் தாமதமும் இல்லாமல் வந்திருக்கின்றன. நெரிசல் என்றால் முதலில் புகை பொங்கும், அப்புறம்தான் பாக்கெட் விழும். கேபிள் கழன்றால் இருபதும் போகும், கோடே இருக்காது. இது இரண்டிலும் சேராத படம். இயக்குதளத்தின் மையமான கர்னலின் லாகிலும் கார்டின் இணைப்பு அறுந்து சேர்ந்ததாக ஒரு வரிகூட இல்லை. கார்டின் பிழைக் கணக்கு பூஜ்யம்.

இந்த இடத்தில் 4 நாள் நின்றுவிட்டேன். ஒரே இடத்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதான் தெரியும்.

பிறகு ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை எடுத்து, அதிலும் ஸ்மோக்பிங் போட்டு, சர்வர் இருக்கும் அதே ஸ்விட்சில் செருகினேன். சர்வர் உலகத்தைப் பார்க்கட்டும், இது சர்வரைப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. மறுநாள் மாலை 6:30க்கு இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து உட்கார்ந்தேன்.

பையிலிருந்து ரௌட்டர்: பச்சை. பையிலிருந்து 1.1.1.1: பச்சை. பையிலிருந்து சர்வர்: கோடு பெரும்பாலும் பச்சைதான், ஆனால் புகை! 0.4 மில்லி செகண்டில் படுத்திருந்த கோடு எழுந்து 70, 80 என்று போகிறது, நிழல் 120 வரைக்கும் பரவுகிறது. சர்வரிலிருந்து பார்த்தால் இழப்பு உண்டு, தாமதம் இல்லை. சர்வரை நோக்கிப் பார்த்தால் தாமதம் உண்டு, இழப்பு மிகக் குறைவு. ஒன்றுக்கொன்று தலைகீழ்.

கைக்கெட்டும் தூரத்தில், ஒரே ஸ்விட்சில், கம்பியில் இருக்கும் இயந்திரம் 80 மில்லி செகண்டில் பதில் சொல்லாது. சொல்லவே முடியாது. அந்த அளவுத் தாமதம் வைஃபையில் இருக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்த இடையிடையே கண்ணயரும் சாதனத்துக்கு உரியது. அப்படியென்றால் பதில் சொல்வது என் சர்வரே இல்லை. என் சர்வரின் முகவரியை வைத்துக்கொண்டு வேறு யாரோ பதில் சொல்கிறார்கள்.

எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக, அடுத்து எதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்மோக்பிங்கின் வேலை இங்கே முடிந்தது. எங்கே என்று சொல்லும், யார் என்று சொல்லாது. அதற்கு ஆர்ப்பிங் என்ற சின்னக் கருவி. ஒரு ஐபி முகவரியைச் சொல்லி, “இது யாருடையது?” என்று வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும். உரியவர் தன் மேக் முகவரியோடு, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணோடு, பதில் தர வேண்டும். பையிலிருந்து கேட்டேன். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வந்தது. முதலாவது ஒரு மில்லி செகண்டுக்குள், என் சர்வரின் மேக் முகவரி. இரண்டாவது 70 மில்லி செகண்ட் கழித்து, நான் பார்த்திராத ஒன்று.

அந்த அந்நிய மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து ‘ஈ’. மேக் முகவரியில் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ என்ற நான்கில் ஒன்று இருந்தால், அது தொழிற்சாலையில் பதித்த எண் அல்ல, சாதனம் தானாக உருவாக்கிக்கொண்டது. இப்போதைய போன்களும் டேப்லெட்டுகளும் வைஃபையில் சேரும்போது இப்படித்தான் செய்கின்றன. வீட்டில் இருப்பவை என் போன், அப்பாவின் போன், அப்பாவின் டேப்லெட்.

அப்பா விடியற்காலை 5 மணிக்கு எழுந்ததும் டேப்லெட்டில் செய்தி படிப்பார். மாலை நடந்துவிட்டு வந்து 6:30க்கு மறுபடியும் எடுப்பார்.

“அப்பா, ஒரு நிமிஷம் அதை ஆஃப் பண்ணுங்களேன்” என்றேன். அணைத்தார். ஆர்ப்பிங்கில் இரண்டாவது பதில் நின்றது. அடுத்த நிமிடமே சர்வரின் கோடு பச்சைக்குத் திரும்பியது.

“ரெண்டு மாசமா பக்கம் சுத்திக்கிட்டே இருக்குன்னு நான் சொன்னேனேம்மா” என்றார் அப்பா. சொல்லியிருந்தார். டேப்லெட்டுக்கு வயதாகிவிட்டது என்று நான் விட்டுவிட்டேன். சர்வர் எப்படி அவரால் தடுமாறியதோ, அவரும் சர்வரால் அதே அளவுக்குத் தடுமாறியிருக்கிறார்.

எப்படி நடந்தது என்று பின்னோக்கிப் பார்த்தபோது எல்லாம் பொருந்தி வந்தது. சர்வருக்கு நான் கையாலேயே 192.168.1.50 என்று நிலையான முகவரி கொடுத்திருந்தேன். ரௌட்டரோ 2இலிருந்து 254 வரைக்கும் எந்த எண்ணையும் யாருக்கும் கொடுக்கலாம் என்ற அமைப்பில் இருந்தது. 50ஐ நான் எடுத்துக்கொண்டதை அதனிடம் சொல்லவே இல்லை. சர்வர் ஓடிக்கொண்டிருந்தவரை அதனால் கெடுதல் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மின்விசிறி மாற்ற சர்வரை ஒரு நாள் அணைத்து வைத்தேன். அதே நாளில் அப்பாவின் டேப்லெட்டை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்துக் கொடுத்தேன். 50 காலியாகத் தெரிந்தது, ரௌட்டர் அதை டேப்லெட்டுக்குக் கொடுத்துவிட்டது. ஒருமுறை கொடுத்துவிட்டால், அதற்குரிய காலத்தில் பாதி கழியும்போது சாதனம் அதே எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளும். டேப்லெட் அப்படியே புதுப்பித்துப் புதுப்பித்து 50லேயே உட்கார்ந்துவிட்டது.

ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? கடைசியாக யார் குரல் கொடுத்தார்களோ அவர்கள் கையில் கொடுப்பார். ரௌட்டர் அதைத்தான் செய்தது. டேப்லெட் தூங்கும்போது எல்லாக் கடிதமும் சர்வருக்கு. அப்பா டேப்லெட்டை எடுத்ததும் சில கடிதம் இங்கே, சில கடிதம் அங்கே. 20இல் 8, 13, 5 என்று மாறி மாறி வந்ததன் பொருள் இதுதான்.

இப்படி மோதல் வந்தால் கண்டுபிடிக்க 2008இலேயே ஆர்எஃப்சி 5227 என்ற நெறிமுறை வந்துவிட்டது. முகவரியை எடுக்கும் முன் “இது யாரிடமாவது இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு எடு என்பதுதான் அதன் சாரம். ஐபி முகவரியின் புதிய பதிப்பான ஐபிவி6இல் லினக்ஸ் கர்னல் தானாகவே அப்படிக் கேட்கும். நான் பயன்படுத்திய பழைய பதிப்பான ஐபிவி4இல் நாம் கையால் முகவரி கொடுத்தால் கேட்காமலே எடுத்துக்கொள்ளும், மோதல் வந்தாலும் லாகில் ஒரு வார்த்தை எழுதாது. லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்குதளமாக இருந்திருந்தால், என் முகவரியை இன்னொருவர் பயன்படுத்துகிறார் என்று முதல் நாளே லாகில் எழுதியிருக்கும். லினக்ஸில் இது ஒரு குறை என்றே நினைக்கிறேன்.

சரிசெய்ய 5 நிமிடம்கூட ஆகவில்லை. ரௌட்டர் கொடுக்கும் எண்களை 100இலிருந்து 254 வரை என்று சுருக்கினேன். சர்வரின் முகவரியை ரௌட்டரிலும் முன்பதிவு செய்தேன். டேப்லெட்டில் வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி சேர்த்தேன், 100க்கு மேல் ஓர் எண் வாங்கிக்கொண்டது.

சரி, ஸ்மோக்பிங்குக்குத் திரும்புகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டும். கண் மூடியிருக்கும் 280 செகண்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அதுதான் பெரிய குறை. அடுத்தது, இருபதும் தொலைந்துபோனால் கோடு வரைய மதிப்பே இல்லாததால் அந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. மிக மோசமான நிமிடம்தான் படத்தில் கண்ணில் படாமல் போகிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் நிறத்தையே தேடிக்கொண்டிருப்பார்கள், இடைவெளியைக் கவனிக்க மாட்டார்கள். போனில் திறந்தால் எழுத்து எறும்பு போலத் தெரியும். எச்சரிக்கை அனுப்பும் வசதி இருக்கிறது, ஆனால் இழப்பின் வரிசையை நட்சத்திரக் குறியும் சதவீதக் குறியும் போட்டு ஒரு வாய்பாடு போல எழுத வேண்டும். எனக்கு அது ஒருநாளும் ஒரே முறையில் சரியாக வந்ததில்லை.

உங்களுக்கு வேண்டியது “இருக்கிறதா, இல்லையா” என்ற விடையும் போனுக்கு ஓர் அறிவிப்பும் மட்டும் என்றால் அப்டைம் கூமா என்ற கண்காணிப்பு மென்பொருள் போதும். பார்க்க அழகு, 10 நிமிடத்தில் ஓட ஆரம்பித்துவிடும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் என் சிக்கலை அப்டைம் கூமா கண்டுபிடித்திருக்காது. பையிலிருந்து அது கேட்டிருந்தால், டேப்லெட் பதில் சொல்லியிருக்கும், சர்வர் நலம் என்று பச்சை விளக்கு எரிந்திருக்கும். பதில் வந்ததா என்பதோடு எப்படிப்பட்ட பதில் வந்தது என்றும் பார்க்கிற கருவி எனக்கு வேண்டியிருந்தது.

ஓட்டுபவர்கள் முடிந்தால் இரண்டு இடத்தில் ஓட்டுங்கள். பழைய கணினியோ சின்ன பையோ எதுவானாலும் போதும். ஒரு ஸ்மோக்பிங்கைத் தலைமையாக வைத்து மற்றவற்றை அதற்குக் கீழே இணைக்கும் வசதியும் இருக்கிறது, எல்லாப் படமும் ஒரே பக்கத்தில் வரும். தம்பியின் வீட்டில் ஒன்று வைத்து அப்படி இணைக்கப்போகிறேன். வெளியிலிருந்து என் வீடு எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

சரிசெய்து 5 வாரம் ஆகிறது. பேக்கப் ஒருநாளும் நிற்கவில்லை. தம்பி 38 ஜிபி கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, “போயிருச்சு அக்கா” என்று மட்டும் செய்தி அனுப்பினான்.

நேற்று மாலை அப்பா என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். ஒரு வருடத்துப் படம் திறந்திருந்தது. பச்சைக் கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் ஊதா படிந்து, சட்டென்று நின்று, மறுபடி பச்சையாகப் போகிறது.

“அந்த ஊதாவெல்லாம் நானாம்மா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. அது நான் ரௌட்டர்கிட்ட சொல்லாம எடுத்துக்கிட்ட நம்பர்” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்று முதலிலிருந்து கேட்டுக்கொண்டார்.